வாடிய கொடியைப் பார்க்க வந்த விருந்தாளி

மண்ணிலே விதையென மறைந்தவன், மழைமுகில்
விண்ணிலே துளியென விளைந்தவன், விளைந்ததை
உண்ணுவார் வாயினில் உவகையாய் நின்றவன்,
எண்ணுவார் நெஞ்சினுக்கு எளியவன், துணையே.

1

இன்று தைப்பூச நன்னாள். காலையில் நீராடி, நீறணிந்து, இங்குள்ள நம்மவர் கோயிலில் பூசை கண்டு வந்து, பலெர்மோ நகரின் நான்காம் மாடி வீட்டில் சாளரத்தருகே அமர்ந்து இதனை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது கோப்பாயிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவன் என் தங்கையின் மகன் சிவரூபன். உரமானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பணிமனைக்கு நடக்கும் தோட்டக்காரன் அவன்.

“மாமா, கொரோனா நேரம் இத்தாலி அரசாங்கம் தோட்டக்காரருக்குச் சும்மா காசு குடுத்ததாமே. உங்களுக்கும் தந்ததோ?”

“ஓம், தந்தது.”

“தங்கட ஆக்களுக்கெல்லோ குடுப்பாங்கள்? நீங்கள் ஆரைப் பிடிச்சனீங்கள்?”

“ஒருத்தரையும் பிடிக்கேல்லை. பொங்கிப் படைச்சன், தந்தினம்.”

“பகிடி விடாதேங்கோ, மாமா.”

பகிடி அன்று, நடந்தது அதுவே. தொலைபேசியில் சொல்லி முடியாத கதையாகையால், எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அவனுக்கு எழுதுவதை ஊரில் உள்ள ஏனையோரும் வாசிக்கலாம்.

2

இந்நகருக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவற்றிற் பெரும்பகுதி ஒரு முதிய வழக்கறிஞரின் வீட்டில் சமையலும் துப்புரவும் செய்வதிற் கழிந்தது. ஆகையால் என் இத்தாலிய மொழி துடை, கழுவு, கொண்டுவா என்னும் ஏவல்களில் தேர்ச்சி பெற்றது. கடதாசிகளின் மொழி வந்தால் திக்கி நிற்கும். அந்தப் பெரியவர் காலமான பின், எனக்குத் தெரிந்த மற்றத் தொழிலுக்குத் திரும்பினேன். பகேரியாவுக்குப் போகும் வழியில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சிறு காணியைக் குத்தகைக்கு எடுத்தேன். உரிமையாளர் தொன் நீனோ, என்னிலும் பத்து வயது மூத்தவர். பந்தலிற் படரும் பயிற்றை, கத்தரி, பாகல், பச்சைமிளகாய், வேலியோரம் வாழை. நம்மவர் கடைகளுக்கு விற்றேன். முறைப்படி வணிக இலக்கமும் பெற்று, ஆண்டுதோறும் வரியும் செலுத்தினேன்.

காலை ஆறரைக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் நடு நிலையத்தில் தொடருந்து ஏறுவது என் வழக்கம். அமர்ந்ததும் பதிகம் ஒன்றை மெல்லிய குரலில் ஓதத் தொடங்குவேன். பகேரியா வருமுன் பதினொரு பாட்டும் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திற் சமைக்கும் ஒரு சிசிலிப் பெண்மணி நாள்தோறும் எதிரில் இருப்பார். ஒருநாள் கேட்டார்:

“மழைக்காகவா வேண்டுகிறீர்கள், அல்லது இந்த வண்டி நேரத்துக்குப் போகவேண்டும் என்றா?”

“இரண்டுக்கும் ஒரே ஆளைத்தான் கேட்கவேண்டும், சிஞ்ஞோரா.”

“அப்படியானால் மழையைக் கேளுங்கள். அதுவாவது நடக்கும்.”

எமக்குப் பிள்ளைகள் இருவர். மகன் இலண்டனுக்குப் பெயர்ந்துவிட்டான்; காணொளி அழைப்பில் அவனுடைய பிள்ளைகள் எனக்குக் கையசைப்பர், நான் அவர்களுக்கு நீறு பூசுவதாகக் கையை நீட்டுவேன், அவர்கள் அதையும் கையசைப்பென்று எண்ணி மீண்டும் அசைப்பர். மகள் வாணி எம்முடன் இருக்கிறாள். வியா மக்வேதாத் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுடைய தமிழ் தாயிடம் கற்றது. சினம் மட்டும் சிசிலியில் கற்றது.

3

கொரோனா முடக்கம் நீண்டு சென்றபோது பயிற்றை பூத்தது. தோட்டக்காரருக்குப் போக்குவரத்துத் தடை இருக்கவில்லை. காவலர் மறிக்கும்போது, இன்ன காரணத்துக்காகப் போகிறேன் என்று நானே ஒப்பமிட்ட உறுதித்தாளைக் காட்டிவிட்டுப் போவேன். ஆனால், காய்த்ததை வாங்குவார் இல்லை. நம்மவர் பெரும்பாலும் வீட்டு வேலை செய்பவர்கள். “எல்லாம் முடியும்வரை வரவேண்டாம்” என்று வீட்டுச் சிஞ்ஞோராக்கள் சொல்லிவிட்டார்கள். வேலை இல்லாத வீட்டில் பயிற்றங்காய் வாங்கக் கைவருமா? கடைக்காரர்களும் ஒருபிடிகூட எடுக்கவில்லை.

அவ்வேளையில் எனக்கு வந்த எண்ணம் எளிமையானது. காய்ப்பது ஈசன் காரியம். அதைப் பசித்தவரிடம் சேர்ப்பது மட்டுமே நம் வேலை. காலையில் கட்டுக்கட்டாகப் பிடுங்கி, ஓதி, படைத்து, நம்மவர் வீட்டு வாசல்களில் வைத்துவிட்டு மணியை அடித்துப் படியிறங்கிவிடுவேன். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அன்ரன் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் தேவாலயத்திற் பொறுப்பாக நிற்பவர், நல்ல வாய்க்காரர். மூன்று மாதம் இவ்வாறு போனது. ஆடியில் வெயில் ஏறியது. எனக்கும் முழங்கால் வீங்கியது. எஞ்சிய பாதி விளைச்சல் கொடியிலேயே முற்றி, வாடி, சருகாயிற்று. அவ்வாண்டு விற்ற காய் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

குத்தகை தை மாதத்துடன் முடிவதாயிருந்தது. தொன் நீனோவின் மகன் அக்காணியைச் சுற்றுலாக்காரர் வாகனம் நிறுத்தும் இடமாக்க விரும்பினான்.

“உன்மீது எனக்குக் குறை இல்லை,” என்றார் தொன் நீனோ. “ஆனால் அடுத்த ஆண்டுக்கு நீ பயிர்செய்வாய் என்பதற்கு மகனிடம் காட்ட என்னிடம் ஒரு தாளாவது இருக்கவேண்டும்.”

அந்தத் தாள் எங்கிருந்து வரும்? அரசாங்கம் பாதிக்கப்பட்ட தோட்டங்களுக்கு நிவாரணம் வழங்குவதை வாணி அறிந்து வந்தாள். நான் உடனே இசையவில்லை. நிவாரணம் என்ற சொல் எனக்குள் ஒரு வரிசையாகவே நிற்கும்: போரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்த காலம், மாவும் பருப்பும் அளக்கும் மேசை, அட்டையைப் பார்த்து ஊர் அலுவலரான விதானையார் பேர் கூப்பிடும் குரல், கூப்பிடும்வரை நிலத்தைப் பார்த்து நிற்கும் நாம். இன்னொருமுறை அந்த வரிசையில் நிற்பதில்லை என்று எண்ணியிருந்தேன்.

“இது வரிசை இல்லையப்பா,” என்றாள் வாணி. “கதிரையில இருந்து நிரப்பிற பாரம். நீங்கள் வரி கட்டினனீங்கள்தானே? கட்டேக்கை வெக்கப்பட்டனீங்களே?”

வெட்கப்படவில்லை. ஆகவே ஒப்பமிட்டேன்.

4

மாதங்கள் பல சென்று கடிதம் வந்தது. அலுவலர் ஒருவர் தோட்டத்தைப் பார்வையிடுவார். அதுவரை பாதிக்கப்பட்ட பயிரைத் தொடவேண்டாம். நானும் தொடவில்லை. பந்தல் முழுவதும் சருகான கொடிகள் தொங்க, அவற்றின் கீழ் நடப்பது இழவு வீட்டில் நடப்பதுபோல் இருந்தது.

பின்னர், மார்கழிக் கடைசியில், பணிமனையிலிருந்து தொலைபேசியில் மூன்று நாட்களைச் சொல்லி ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். வாணி வேலைக்குப் போயிருந்தாள். ஊரிலிருந்து ஆண்டுதோறும் வருவிக்கும் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்தேன். முதல் நாள் அட்டமி. மூன்றாம் நாள் கரிநாள். நடுவில் நின்றது தை முதலாம் நாள், சூரியப் பொங்கல். ஐயத்துக்கு இடமேது? “அந்த நாளே வரட்டும்,” என்று மகிழ்ச்சியுடன் சொன்னேன்.

பொங்கலுக்கு முதல்நாட் காலை, சிவகாமியும் நானும் தோட்டத்துக்குப் போனோம். சிவகாமி என் மனைவி. அவள் முற்றத்தைக் கூட்டி மெழுக, நான் பந்தலைப் பார்த்தேன். கடிதம் நினைவில் இல்லாமலில்லை. ஆயினும், நாளை இவ்விடத்திற் பானை ஏறப்போகிறது, கதிரவனை அழைக்கப்போகிறோம், அலுவலரும் அந்நாளில் வாசலுக்கு வரும் விருந்தாளி. செத்த கொடியின் கீழா வரவேற்பது? நடந்ததை வாயாற் சொன்னாற் போதாதா? பகல் முழுவதும் நின்று, கொடிகளை ஒன்றும் விடாமற் பிடுங்கி, வரப்போரம் கிடங்கு வெட்டிப் பசளையாகப் புதைத்து, மண்ணைக் கொத்திச் சமப்படுத்தினேன். அந்தியில் அத்தோட்டம் தலைமுழுகிப் புத்தாடை உடுத்தியதுபோல் இருந்தது.

மறுநாட் காலை, வாணி வந்து வேலிப் படலையில் நின்றாள். வாழை கட்டியிருந்தது, நிறைகுடம் இருந்தது, கோலம் இருந்தது.

“மீ!” என்றாள். பலெர்மோப் பிள்ளைகள் திகைத்தால் எழுப்பும் ஒலி அது. “அப்பா, எங்கை அந்தக் கொடியெல்லாம்?”

“நேற்றே எல்லாம் துப்புரவாக்கிப் போட்டன். விருந்தாளி வாறார் எல்லோ.”

“அப்பா! அந்த விருந்தாளி பாக்க வாறதே அந்தச் செத்த கொடியைத்தான்!”

சிவகாமி அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “இஞ்சாருங்கோ, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“நீரும் கூடத்தானே நிண்டு கூட்டினனீர்.”

“நான் கூட்டினது முத்தத்தை. நீங்கள் கூட்டினது குத்தகையை.”

5

கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்திருந்த தை அது. முகக்கவசம் அணிந்த சிலரே வந்திருந்தனர். அன்ரனும் மனைவியும் அவருள் அடங்குவர். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்த வேளையிலேதான் படலையடியிற் சிறிய கார் ஒன்று நின்றது. இளம்பெண் ஒருத்தி சேற்றுச் சப்பாத்துடன் இறங்கினாள். படித்த பெண்களை இங்கு தொத்தொரெஸ்ஸா என்றே அழைப்பர். நானும் அவ்வாறே எழுதுகிறேன். அவளுடன் நடந்த பேச்சு முழுவதும் இத்தாலிய மொழியில், தமிழில் தருகிறேன்.

அவள் இரண்டடி வைக்கவில்லை, பால் பொங்கியது. நாமெல்லோரும் “பொங்கலோ பொங்கல்!” என்று குரலெடுத்தோம். அவளோ, “பால்! பால் வழிகிறது!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்து, கழுத்திற் கிடந்த சால்வையைக் கையிற் சுற்றிப் பானையை இறக்கக் குனிந்தாள். சிவகாமி பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“விடு பிள்ளை, விடு! வழியத்தான் வேணும்!”

வாணி மொழிபெயர்த்தாள். தொத்தொரெஸ்ஸா பானையையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“வேண்டுமென்றே வழியவிடுகிறீர்களா?”

“அடுப்பைக் கழுவுறது அவ. வழியவிடுறது நாங்கள்,” என்றார் அன்ரன், சிவகாமியைக் காட்டி. இதையும் வாணி மொழிபெயர்க்க, அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

சந்தனம் கொடுத்தோம்; வைத்துக்கொண்டாள். பின்னர் கையடக்கக் கணினியை எடுத்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொத்திய மண், கட்டிய வாழை, கரும்பு.

“சிஞ்ஞோர், பாதிக்கப்பட்ட பயிர் எங்கே? நான் பாதிப்பைப் படம் எடுக்கவேண்டும். இங்கே திருமணம் அல்லவா நடக்கிறது?”

குத்தகை, தொன் நீனோ, வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் ஒருங்கே கண்முன் வந்தன. வாணி என் சார்பிற் சொன்னாள்: “நேற்றுப் புதைத்துவிட்டார்.”

“நேற்றா? எங்கே?”

வரப்போரத்தைக் காட்டினேன்.

“நேற்றுப் புதைத்தது இன்றைக்கு உக்கியிருக்காது,” என்றாள் அவள். “என் தகப்பனும் தோட்டக்காரர்தான். மண்வெட்டி இருக்கிறதா?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஒருபுறம், சேற்றுச் சப்பாத்துடன் அவள் மறுபுறம். பொங்கல் நாளில், சந்தனப் பொட்டுடன் இருவரும் கிடங்கைத் திறந்தோம்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் சிவகாமி தலையில் கைவைத்து. “நல்ல நாளும் பெருநாளுமாச் செத்ததைக் கிண்டி எடுக்கிறியளே!”

“மூண்டாம் நாள் உயிர்த்தெழுறது எங்கட ஆள், அம்மா,” என்றார் அன்ரன். “உங்கட கொடி இரண்டாம் நாளே எழும்பீட்டுது.”

கொடிகள் வந்தன, சருகான காய்களுடன். அவள் நிலத்திற் பரப்பிப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால், அதன்பின் அவள் கேட்ட கேள்வியிலேதான் நான் உண்மையாக அகப்பட்டேன்.

“அப்படியானால், அந்தப் பருவத்து விளைச்சல் முழுவதும் நட்டம் என்று பதியட்டுமா?”

“ஓம் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் வாணி தமிழில்.

“பாதி வாடினது. அது நட்டம்தான்,” என்றேன். “மற்றப் பாதி சனத்துக்குக் குடுத்தது.”

“காசு வரேல்லைத்தானே? அப்ப நட்டம்தானேயப்பா.”

“படைச்சுக் குடுத்ததை நட்டம் எண்டு ஒப்பம் வைச்சா, குடுத்தது குடுத்ததாகுமோ, பிள்ளை?”

“ஒரு சொல்லுக்காகத் தோட்டத்தை விடப்போறியளே?”

அவள் கண் கலங்கியிருந்தது. அவளிற் பிழையில்லை. எனக்கும் அத்தோட்டம் வேண்டும். அது போனால் காலையில் எழுந்து போக எனக்கு ஓர் இடமில்லை. ஆயினும், படையலென்று நான் வைத்தது ஈசனுடையதாயிற்று. அவனுடையதை என் இழப்பென்று எழுதி விலை கேட்பது எப்படி? இந்தக் கை இதுவரை அவ்வாறு எழுதியதில்லை.

“என்ன பேசுகிறீர்கள்?” என்றாள் தொத்தொரெஸ்ஸா. வாணி, சினத்துடனேயே, ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்ரனும் குறுக்கே வந்தார்:

“உண்மைதான், தொத்தொரெஸ்ஸா. மூன்று மாதம் இவருடைய பயிற்றங்காயையே தின்றோம். என் பிள்ளைகள் இப்போது பயிற்றங்காயைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறார்கள்.”

அவள் சிரிக்கவில்லை. சிறிது தூரம் நடந்துபோய்ப் பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தாள். வாழையடியில் நின்று நெடுநேரம் கதைத்தாள்; கையை விரித்தாள்; மறுகையையும் விரித்தாள். பானையிற் பொங்கற் புக்கை ஆறிக்கொண்டிருந்தது. நான் பதிகத்தை மனத்துள் தொடங்கினேன். ஆறாம் பாட்டிற் சொல் மறந்து நின்றேன். எனக்கு அவ்வாறு நேர்வதில்லை.

அவள் திரும்பி வந்தாள்.

“சிஞ்ஞோர், கவனமாகக் கேளுங்கள். இந்த உதவி, நீங்கள் எதை இழந்தீர்கள் என்பதற்காகத் தருவதில்லை. அதற்கு முந்திய ஆண்டு எவ்வளவு விற்றீர்கள், அந்த ஆண்டு எவ்வளவு விற்றீர்கள் என்ற வேறுபாட்டுக்கே தருவது. நான்தான் நட்டம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு விற்றீர்களா?”

“விற்கவில்லை.”

“விற்பனை என்ற கட்டத்தில் சுழியம் இடுகிறேன். இது பொய்யா?”

“பொய்யில்லை.”

“வாடியது என்ற கட்டத்தில் பாதி. பொய்யா?”

“இல்லை. ஆனால் கொடுத்த பாதி?”

அவள் கணினியை என் பக்கம் திருப்பி, விரலால் மேலும் கீழும் தள்ளிக் காட்டினாள். “தேடிப் பாருங்கள். கொடுத்ததற்கு இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அது எங்களுடைய கணக்குக்குள் வராது. அது உங்களிடமே இருக்கட்டும்.”

அன்பர்களே, அந்தக் கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எவ்வாறு எழுதுவேன்! ஓர் அரசு தன் கட்டங்களால் எல்லாவற்றையும் பிடிக்க முயல்கிறது. கொடை மட்டும் பிடிபடாமல் வெளியே நிற்கிறது. என் கண் நிறைந்தது. ஒப்பமிட்டேன், விரலால் கண்ணாடியில் இடும் ஒப்பம் என்பதால் அது கோழி கிண்டியதுபோல் வந்தது, அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

தொத்தொரெஸ்ஸா முதலில் ஒரு கரண்டி புக்கை போதும் என்றாள். பின்னர் வாழையிலையைத் தானே நீட்டினாள்.

6

நான்காம் கிழமை முடிவில் அறிக்கையின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது; பணம் சில மாதத்துள் வரும் என்று இருந்தது. குத்தகை முடிய இரண்டு நாளே இருந்தன. அத்தாளைக் கொண்டுபோய்த் தொன் நீனோவிடம் கொடுத்தேன். அவர் தோட்டத்து வரப்பில், கவிழ்த்த பழப்பெட்டியில் அமர்ந்திருந்தார். மகன் அருகே நின்றான். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு வரியாக வாசித்து, அடியில் வந்து நின்றார். அங்கே, அலுவலரின் அவதானிப்பு என்ற இடத்தில் ஒரு வரி கையால் எழுதியிருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் உரக்க வாசித்தார்:

“நிலம் மிகத் துப்புரவாக உள்ளது. விதைப்புக்கு ஆயத்தம்.”

தாளை மடித்தார். குனிந்து, நான் கொத்திச் சமப்படுத்திய மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, மகனுடைய உள்ளங்கையில் வைத்தார்.

“இதை எழுதிய பெண்ணுக்கு மண் தெரியும்,” என்றார். “இதன்மேல் நீ கார் நிறுத்தப் போகிறாயா?”

மகன் அதை எறியாமல், மெல்ல நிலத்திலேயே உதறிவிட்டுக் கையைத் துடைத்தான். “எழுதுகோல் யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டான்.

பழப்பெட்டியை மேசையாக்கி, அடுத்த ஆண்டுக் குத்தகைத் தாளில் மூவரும் ஒப்பமிட்டோம். மை காயுமுன்னரே நான் மடியிலிருந்த பயிற்றம் விதைகளை அவிழ்த்துவிட்டேன். விதைக்கும் பருவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆயினும் பொறுக்க முடியவில்லை. மூன்று விதை ஊன்றினேன். இரண்டு முளைத்தன.

இதனை வாசிக்கும் அனைவர்க்கும், உங்கள் மனையிற் பானை விளிம்பைத் தாண்டி வழிக. வழிந்தது அயலவர் இலையையும் நனைக்க. நீங்கள் கொடுப்பது எவருடைய கட்டத்துக்குள்ளும் அடங்காது பெருகுக. உங்கள் பிள்ளைகள் எந்த மொழியிற் சினந்தாலும் அன்பு மாறாதிருக்க. உங்கள் நிலம் துப்புரவாய், விதைப்புக்கு ஆயத்தமாய், என்றும் இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.